எரிமலைக்கு ஆள் சேர்க்கும் நெல்லை மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரங்களில் மலையேற்றக் குழுக்களை நடத்திவரும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், அவர்களை நம்பிப் பெயர் கொடுத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரும் கோடை விடுமுறையில் இந்தோனேசியாவின் எரிமலைகளுக்குக் குழுவாகச் சென்று, கூடாரமடித்துத் தங்கி மலையேற நீங்கள் ஏற்பாடு செய்துவருவதை அறிவேன். கிழக்கு ஜாவாவில் புரோமோவும் இஜெனும், அங்கிருந்து லொம்போக் தீவுக்குக் கடந்து ரிஞ்சானி என்பது உங்கள் திட்டம். நான் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ரிஞ்சானியின் விளிம்பில் தங்கியிருக்கிறேன். போணக்காடு வழியாகப் பொதிகைக்கு நம்மூர்க் குழுக்களோடு நடந்திருக்கிறேன். ஆகவே போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாட்டின் நிலம் எப்படி உருவாகிறது என்பதைக் கண்முன்னே பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மலையிலிருந்து திரும்பிவிடுவது என்ற முடிவை யார் எடுப்பார், எதைப் பார்த்து எடுப்பார் என்பதை, முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வைத்து, வருகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் தெரிவியுங்கள். இது ஏன் அவசரமானது என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மலை எரிமலையன்று. பாபநாசத்திலிருந்து காரையாறு வரையிலும், மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, குதிரைவெட்டி வரையிலும் நாம் மிதித்து நடப்பது, பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகிப்போன சார்னோக்கைட்டு, நைஸ் வகைப் பாறைகளை. அந்தப் பாறை இன்று இரவு மாறப்போவதில்லை என்ற உறுதியின்மேல்தான் நம் மலைப் பழக்கம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. நாம் அஞ்சுவது பாறைக்கு மேலே நடமாடுபவற்றுக்கு: யானை, கரடி, மேல்மலையில் பெய்த மழையால் திடீரெனப் பெருகும் ஆறு, சாரல் காலத்து வழுக்கல். இவற்றில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு குறிப்பு கொடுத்த பிறகே வருகின்றன. பொதிகைப் பாதையில் முன்னால் நடக்கும் காணி வழிகாட்டி, ஆற்று நீரின் நிறம் கலங்கியதைப் பார்த்தே கூட்டத்தை இக்கரையில் நிறுத்திவிடுவார். ஒடிந்த மூங்கிலையும் ஈரம் காயாத யானைச் சாணத்தையும் பார்த்து வழியை மாற்றுவார். நாமும் மறுபேச்சின்றி அவர் சொல்லைக் கேட்போம்.

எரிமலையில் பிரச்சினை பாறைக்கு அடியில் இருக்கிறது. அதனால் அங்கே கண்ணும் காதும் போதாது. 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒன்தாகே மலையில் நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் முழுமையாக அறிந்திருக்க வேண்டும். அன்று சனிக்கிழமை. இலையுதிர்கால நிறங்களைக் காண நூற்றுக்கணக்கானோர் 3,067 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் இருந்தார்கள். எச்சரிக்கை அளவுகோலில் மலை மிகத் தாழ்ந்த முதல் நிலையில் இருந்தது. நண்பகல் நெருங்கி, 11 மணி 52 நிமிடத்துக்கு அது வெடித்தது. நடுக்கமானிகள் தொடர் அதிர்வைப் பதியத் தொடங்கியது அதற்குச் சுமார் 11 நிமிடங்களுக்கு முன்புதான். 58 பேர் இறந்தார்கள். மேலும் ஐவரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அங்கே பாறைக்குழம்பு வழியவில்லை. மலைக்குள் தேங்கியிருந்த நிலத்தடி நீர் அடியிலிருந்த வெப்பத்தால் திடீரென ஆவியாக மாறியது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருகும். அந்த விசை உச்சியைப் பிளந்து கற்களை வாரியிறைத்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கற்களால் அடிபட்டவர்கள். உச்சிக் குடில்களுக்குள் ஓடி நுழைந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். இப்படிப்பட்ட நீராவி வெடிப்பில் புதிய பாறைக்குழம்பு மேலே ஏறிவர வேண்டிய தேவை இல்லை என்பதால், நாள்கணக்கில் முன்னறிவிக்கும் நிலநடுக்கமும் தரை வீக்கமும் பல நேரங்களில் காணப்படுவதில்லை. அதன் பிறகு, ‘இயல்பு நிலை’ என்று முன்பு அழைக்கப்பட்ட அந்த முதல் நிலையின் விளக்கத்தையே, ‘இது உயிருள்ள எரிமலை என்பதை மனத்தில் கொள்க’ என்ற பொருளில் ஜப்பான் 2015-இல் மாற்றியமைத்தது.

நியூசிலாந்தின் வக்காரித் தீவிலும் 2019 டிசம்பர் 9 அன்று இதுவே நடந்தது. அப்போது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள்.

ஆனால் உங்கள் பயணத்துக்கு மிக நெருங்கிய பாடம் சுமத்திராவின் மராப்பி மலையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மலையில் ஏறத்தாழ 75 பேர் இருந்தபோது அது வெடித்து 24 மலையேறிகளைக் கொன்றது. அந்த மலை 2011 முதலே நான்கு எச்சரிக்கைப் படிகளில் இரண்டாம் படியில் வைக்கப்பட்டிருந்தது; எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் செல்ல வேண்டாம் என்ற பரிந்துரையும் இருந்தது. ஆனாலும் மலையேற்றம் நடந்துகொண்டிருந்தது; அன்று ஏறியவர்களில் பெரும்பாலோர் முறையாகப் பதிவு செய்துகொண்டு போனவர்கள். நுழைவுச் சீட்டு ஒன்று சொன்னது, எரிமலையைக் கண்காணிப்பவர்கள் வேறொன்று சொன்னார்கள். இடையில் நின்றவர்கள் சீட்டை நம்பினார்கள். ஆண்டுக்கணக்காக இரண்டாம் படியிலேயே நிற்கும் மலையைப் பழகிப்போன மலையாகக் கருதிவிடுவது மனித இயல்பு. அந்த இயல்புக்கு எதிராகத்தான் எழுத்தில் ஒரு விதி வேண்டும் என்கிறேன்.

அந்த டிசம்பரை நாமும் மறக்க மாட்டோம். மராப்பி வெடித்து இரண்டு வாரங்களில், டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி நெல்லை, தூத்துக்குடி இரு மாவட்டங்களையும் மூழ்கடித்தது. வெள்ளம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எரிமலைச் சரிவில் அதே மழை வேறொரு வேலையைச் செய்கிறது. வெடிப்பு ஓய்ந்த பிறகும் சரிவெங்கும் படிந்து கிடக்கும் சாம்பலும் கல்லும் கனமழையில் கரைந்து, கரைத்த சிமெண்டைப் போன்ற குழம்பாக ஓடைகள் வழியே இறங்கும். மராப்பியின் சரிவுகளில் 2024 மே மாதம் அப்படி இறங்கிய வெள்ளமும் சேறும் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கூடாரம் அடிக்க இடம் தேடும் நம் கண், காய்ந்து மணல் விரிந்து சமமாகக் கிடக்கும் ஓடைப் படுகையைத்தான் முதலில் நாடும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சென்று ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கிப் பழகிய குடும்பங்கள் நாம். எரிமலைச் சரிவில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மேலே மழை பெய்வது கீழே தங்கியிருப்பவர்களுக்குத் தெரியாமலே போகலாம். உள்ளூர் வழிகாட்டி காட்டும் மேட்டில், அது கல்லும் காற்றுமாக இருந்தாலும், அங்கேதான் தங்க வேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்கிறேன். எரிமலை நிலத்தில் பள்ளம் எப்போதும் பாதுகாப்பானதல்ல. பிளவுகளின் வழியே வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. நிறமும் மணமும் அற்றது. காற்று அசையாத இரவில் குழிகளிலும் தாழ்வான பாதைகளிலும் தேங்கிவிடும். நடு ஜாவாவின் தியெங் பீடபூமியில் 1979 பிப்ரவரி 20 அன்று சிறு வெடிப்புக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறியவர்கள், தப்பிக்கச் சென்ற பாதையிலேயே இந்த வாயுவில் சிக்கிக்கொண்டார்கள். 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னொரு வகையில் ஏமாற்றும்: செறிவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவது உயிருக்கு உலை வைக்கும். இஜெனில் நீங்கள் காணப்போகும் நீலச் சுடர், கந்தக வாயு வெளியே வந்து காற்றோடு சேர்ந்து எரிவது. அதைப் பார்க்க இருட்டில் எரிமலை வாய்க்குள்ளேயே இறங்க வேண்டும். அடியில் கிடக்கும் பச்சை நீர், உலகின் மிகக் கடுமையான அமில ஏரிகளில் ஒன்று. அங்கே துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. அமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகமூடி ஒவ்வொருவருக்கும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களை இஜெனுக்குள் இறக்காதீர்கள். அவர்கள் விளிம்பிலேயே நின்று பார்க்கட்டும்; அங்கிருந்து தெரிவதும் குறைந்ததல்ல.

அதே பாதையில் கந்தகக் கட்டிகளைக் கூடைகளில் ஏற்றி, 70 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையைத் தோளில் தாங்கித் தொழிலாளிகள் ஏறி வருவார்கள். வழிவிட்டு ஒதுங்கி நிற்க உங்கள் உறுப்பினர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இனி ரிஞ்சானி. பொதிகையின் உயரம் 1,868 மீட்டர். ரிஞ்சானி 3,726 மீட்டர். ஏறத்தாழ இரண்டு மடங்கு. செம்பலூன் பக்கத்து விளிம்பில் நீங்கள் கூடாரமடிக்கும் இடமே 2,639 மீட்டர் உயரத்தில், நம் மாநிலத்தில் தொட்டபெட்டாவின் உச்சிக்குச் சமமாக இருக்கிறது. அங்கே இரவில் தங்கி, அதிகாலை இரண்டு மணியளவில் எழுந்து மேலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறச் சொல்கிறீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவற்றோடு உயர நோய் தொடங்கக்கூடிய எல்லை சுமார் 2,500 மீட்டர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பொதிகை ஏறியவர் எவரும் வரலாம் என்று நீங்கள் வைத்திருக்கும் தகுதி அளவுகோல் இந்த மலைக்குப் போதாது. பொதிகையில் வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கும். குனிந்து இரு கையால் அள்ளிக் குடிக்கலாம். எரிமலைச் சரிவின் நுண்துளைக் கல்லும் சாம்பலும் மழையை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்வதால், அங்கே மணிக்கணக்கில் நடந்தாலும் ஒரு சொட்டு நீரைக் காண முடியாத பகுதிகள் உண்டு. குடிநீரைச் சுமந்தே ஆக வேண்டும்.

உச்சிக்கு ஏறும் கடைசிச் சரிவு முழுவதும் சரளைக் கல்லும் சாம்பல் மணலும். எடுத்துவைத்த கால் பாதி கீழே இறங்கிவிடும். இதற்குப் பயிற்சி எடுக்கக் குற்றாலத்துக்கோ மாஞ்சோலைக்கோ போவதைவிட, திசையன்விளைப் பக்கத்துத் தேரியிலோ குதிரைமொழித் தேரியிலோ முதுகுச் சுமையோடு மேடு ஏறி இறங்குவது மிகப் பொருத்தமானது. செம்மணலில் கணுக்கால் புதைய நடந்து பழகியவரின் தொடைக்கும் மூச்சுக்கும் ரிஞ்சானி அந்நியமாக இராது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்த வசதியை எந்தக் குழுவும் பயன்படுத்தக் காணோம். அது எனக்கு வருத்தமே. வெயில் ஏறுவதற்கு முன்பு, பறவைகளையும் அங்குள்ள அய்யனார் கோயில்களின் அமைதியையும் குலைக்காமல் நடந்தால் போதும்.

அந்த விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது தெரியும் செகாரா அனாக் ஏரியைப் பற்றி உங்கள் அறிவிப்புகளில் ஓர் அழகிய இடம் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. 1257-இல் சமாலாஸ் என்ற மலை வெடித்துத் தன்னுள்ளேயே இடிந்து விழுந்ததால் உண்டான பெரும்பள்ளம் அது. அந்த வெடிப்பின் கந்தகச் சுவடு கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் பனிப்பாளத்துக்குள் படிந்திருக்கிறது. அது எந்த மலையின் சுவடு என்று தெரியாமல் ஆய்வாளர்கள் நெடுங்காலம் தேடி, 2013-இல்தான் சமாலாஸ் என்று அடையாளம் கண்டார்கள். இங்கே பாண்டியர்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் அந்த மலை விழுந்தது. ஏரியை ஒட்டி எழுந்து நிற்கும் பாருஜாரி என்ற இளங்கூம்பு நம் காலத்திலும் புகைந்து வெடித்திருக்கிறது. லொம்போக்கின் சாசக் மக்களும் பாலித் தீவின் இந்துக்களும் அந்த நீரைப் புனிதமாகப் போற்றுகிறார்கள். புரோமோவின் தெங்கர் மக்கள் கசாதா விழாவில் விளைபொருளை எரிமலை வாயில் காணிக்கையிடுகிறார்கள். அகத்தியர் மலைக்கு எத்தகைய மனத்துடன் ஏறுவோமோ அத்தகைய மனத்துடன் அங்கும் ஏற வேண்டும் என்று உறுப்பினர்களிடம் சொன்னால், அவர்களுக்கு விளங்கும்.

2018 ஜூலை 29 அன்று லொம்போக்கில் நிலம் நடுங்கியபோது, சரிவுகள் பெயர்ந்து பாதைகள் அடைபட்டு, நூற்றுக்கணக்கானோர் ரிஞ்சானியின்மேல் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூனில் விளிம்புப் பாதையிலிருந்து சரிந்து விழுந்த ஒரு பயணியின் உடலை மேலே கொண்டுவர நாள்கள் பிடித்தன. மீட்பு என்பது அங்கே ஓர் அழைப்பில் வந்துவிடுவதன்று. மூடுபனியும் செங்குத்துச் சரிவும் ஹெலிகாப்டரையும் கயிற்றையும் தடுத்து நிறுத்தும். பல பயணக் காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட மலையேற்றத்தை ஏற்பதில்லை என்பதையும் பத்திரத்தைப் படித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மாநிலத்துக்குள்ளேயே நாம் பெற்ற காயம் ஒன்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் கூடிய பருவத்தில், மலைக்குப் பழகாதவர்கள் பலரும் இருந்த கூட்டம், எங்கே ஓடுவது என்று சொல்ல ஒற்றைக் குரல் இல்லாமல் சிதறியது. அதன் பிறகே மலையேற்றத்துக்கு நம் அரசு விதிகளை வகுத்தது. தீக்காலத்தில் பாதைகளை மூடும் வழக்கமும் இறுகியது. அந்த விதிகளை நீங்கள் மதித்து நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் அனுமதியின்றி ஒரு அடி வைக்காதவர்கள் நீங்கள். கடல் கடந்து போகும்போது அந்த ஒழுக்கம் தளர்ந்துவிடக் கூடாது. இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோம், வானமும் தெளிவாக இருக்கிறது, மற்றவர்கள் ஏறுகிறார்கள் என்ற மூன்று எண்ணங்களும் ஒன்று சேரும் அதிகாலையில், திரும்புவோம் என்று சொல்லும் துணிவு ஒருங்கிணைப்பாளர் எவருக்கும் எளிதில் வராது. பணம் கட்டியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற தயக்கம் மனிதருக்கு இயல்பானது. அதனால்தான் அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலையையே உங்களுக்கு வைக்காதீர்கள் என்கிறேன்.

எழுத்தில் இருக்க வேண்டியவை இவை என்பது என் கருத்து. இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்பு மையம் அறிவிக்கும் படிநிலையையும் விலக்கு எல்லையையும் புறப்படும் வாரத்திலும், ஒவ்வொரு மலையடிவாரத்திலும், ஏறும் நாளின் முந்தைய மாலையிலும் பார்க்க வேண்டும். நுழைவுச் சீட்டு கையில் இருந்தாலும் விலக்கு எல்லைக்குள் குழு நுழையாது. படிநிலை ஒன்று உயர்ந்தாலே அந்த மலை பயணத்திலிருந்து நீக்கப்படும். அதற்குரிய தொகையில் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதும் அப்போதே எழுதப்பட்டிருக்கும். மலைமேல் உள்ளூர் வழிகாட்டி திரும்பச் சொன்னால் எவரும் வாதிடக் கூடாது, ஒருங்கிணைப்பாளரும் விலக்கல்லர். உச்சிக்கு ஏறும் நாளில் திரும்ப வேண்டிய நேரம் முன்பே குறிக்கப்பட்டு, உச்சி இன்னும் பத்து நிமிடத் தொலைவில் இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கினால், அவரோடு ஒரு வழிகாட்டி கீழே இறங்குவதற்கு ஏற்றவாறு வழிகாட்டிகளின் எண்ணிக்கை அமைய வேண்டும். தலைக்கவசம், கண்ணை மூடும் கண்ணாடி, முகமூடி ஆகிய மூன்றும் முதுகுப்பையின் அடியில் அல்லாமல் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலன்று. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும் அது. கண்வில்லை அணிபவர்கள் அங்கே மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் அதில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மூங்கில் கழியின் இரு முனைகளிலும் கூடைகளைக் கட்டி, நம் கூடாரத்தையும் அரிசியையும் தண்ணீரையும் சுமந்து, பலர் வெறும் ரப்பர்ச் செருப்போடு ரிஞ்சானியில் ஏறுகிறார்கள். குறைந்த விலைக்குப் பேசி முடித்த பயணத்தில் குறைக்கப்படுவது பெரும்பாலும் அவர்கள் கூலியும் அவர்களுக்கான போர்வையும்தான். ஒருவருக்கு எவ்வளவு சுமை, எவ்வளவு கூலி, இரவில் அவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதைக் கேட்டு உறுதி செய்த பிறகே உள்ளூர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யுங்கள். மலையில் நமக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் நம்மைத் தூக்கி இறக்கப்போகிறவர்களும் அவர்களே. நாம் கொண்டுபோன நெகிழிப் பைகளும் தட்டுகளும் நம்மோடே இறங்கி வர வேண்டும் என்பதை, காரையாற்றில் குப்பையைப் பார்த்து மனம் நொந்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

இவற்றை ஏற்றால் பயணச் செலவு கூடும், சிலர் பெயரை விலக்கிக்கொள்வார்கள் என்று நீங்கள் எண்ணலாம். உண்மைதான். விலக நினைப்பவர் விமானம் ஏறுவதற்கு முன்பு பாளையங்கோட்டையிலேயே விலகிக்கொள்வது அவருக்கும் குழுவுக்கும் நல்லது.

முன்பணம் பெறும் தேதிக்கு முன்னதாக, உறுப்பினர்களும் வீட்டாரும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றைக் கூட்டி இந்த விதிகளை அங்கே படித்துக்காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் மூன்று மலைகளின் வரைபடங்களோடும் பாறை மாதிரிகளோடும் வந்து விளக்குகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். தேரியில் நடக்கும் பயிற்சிக்கும், உடல்நிலை ஒத்துழைக்கும்வரை, உடன் வருகிறேன். விதிகளில் எதையேனும் ஏற்க இயலாது என்று கருதினால், அதற்கான காரணத்தையும் அதே கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை